சங்கச் சிப்பந்தியின் வழக்கு எந்த வாசலில்?

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் காரியதரிசியாக இருந்தேன். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் எங்கள் நூல் கிடங்கைக் கவனித்துவந்த சிப்பந்தி ஒருவர் வேலையினின்று நீக்கப்பட்டார். இருப்புப் புத்தகத்தில் கண்ட நூல் கட்டுகளுக்கும் கிடங்கில் இருந்த கட்டுகளுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தினோம். நீக்கல் உத்தரவில் கையெழுத்திட்டவன் நானே.

அவர் முதலில் சென்றது கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திற்கு. நெசவாளர் சங்கங்களைப் பொறுத்தவரை பதிவாளருக்குரிய அதிகாரங்களை அத்துறையினரே செலுத்துகிறார்கள் என்பது அங்கத்தினர்கள் அறிந்ததுதான். மனு அங்கே ஒன்றரை ஆண்டு கிடந்தது. பின்னர், "ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகராறு இங்கு விசாரிக்கத் தக்கதன்று" என்ற குறிப்புடன் திரும்பிவந்தது. அடுத்து அவர் தொழிலாளர் அதிகாரியிடம் சென்றார். அங்கே எங்கள் வக்கீல் எழுந்து, "இது கூட்டுறவு சங்கம், இதற்கெனத் தனிச் சட்டமும் பதிவாளரும் இருக்கும்போது இங்கு வர இவருக்கு வழியில்லை" என்று வாதித்தார். முதல் வாசலிலும் அங்கே போ என்றோம். இரண்டாம் வாசலிலும் அங்கே போ என்றோம். அப்பொழுது அது எங்களுக்குச் சாமர்த்தியமாகத் தோன்றியது.

தொழிலாளர் நீதிமன்றம் எங்கள் வாதத்தை ஏற்கவில்லை. அவரை மீண்டும் வேலையில் அமர்த்தவும், விடுபட்ட சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் தீர்ப்பாயிற்று. நாங்கள் உயர் நீதிமன்றம் சென்றோம். கடைசியில் சமாதானம் ஏற்பட்டபோது அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். கொடுத்த தொகை யாருடைய பணம்? பாவும் ஊடையும் ஓட்டிய நெசவாளர்களின் பணம். அந்த ஆண்டு தீபாவளிக்குப் போனசு குறைந்ததன் காரணத்தை மகாசபையில் எழுந்து விளக்க வேண்டியவனும் நானாகவே இருந்தேன்.

இப்படிப்பட்ட வழக்குகள் நம் சங்கங்களில் இன்றும் நடப்பதால், இரண்டு வாசல்கள் ஏன் ஏற்பட்டன, எந்த வழக்கு எந்த வாசலுக்கு உரியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்பது நலம். வக்கீல்களின் கவலை இது என்று ஒதுக்கிவிடலாகாது. நீக்கல் தீர்மானத்திற்குக் கை தூக்குகிறவர்கள் நிர்வாகக் குழுவினர்தாம். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம்.

நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. மத்திய சர்க்கார் மட்டுமே சட்டம் செய்யத்தக்க விஷயங்கள் ஒன்றில். மாநில சர்க்காருக்கு உரியவை ஒன்றில். இரு சர்க்கார்களும் சட்டம் செய்யக்கூடியவை மூன்றாவதான பொதுப் பட்டியலில். கூட்டுறவு சங்கங்கள் மாநிலப் பட்டியலில் 32ஆவது இனமாக இருக்கின்றன. வர்த்தகக் கழகங்களைப் பற்றிய மத்தியப் பட்டியலின் 43ஆவது இனம், கூட்டுறவு சங்கங்கள் அதில் சேரா என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் தொழிற்சங்கங்களும் தொழில் தகராறுகளும் பொதுப் பட்டியலில் 22ஆவது இனம். ஆகவே சங்கம் மாநிலத்தின் குழந்தை. அதில் வேலை செய்பவருடைய தகராறோ இருவருக்கும் பொது. ஒரே கட்டடத்துக்குள், ஒரே மேஜையின் இரு பக்கங்களில், இரண்டு சட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உண்டானதன்று. 1904, 1912ஆம் ஆண்டுகளின் கூட்டுறவுச் சட்டங்கள் இந்தியா முழுமைக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தத்திற்குப் பின் கூட்டுறவு மாகாணங்களின் பொறுப்பாயிற்று. சென்னை மாகாணம் 1932இல் தன் சொந்தச் சட்டத்தைச் செய்துகொண்டது. அதன்பின் 1961இல் ஒன்று, 1983இல் மற்றொன்று. 1983ஆம் ஆண்டுச் சட்டம் 1988இல் அமுலுக்கு வந்தது. இச்சட்டங்கள் அனைத்திலும் சங்கத்தின் உள் தகராறுகளைப் பதிவாளரே தீர்க்கலாம் என்ற ஏற்பாடு உண்டு. கோர்ட்டுப் படியேறிச் செலவழிக்க வகையில்லாத விவசாயியும் நெசவாளரும் தம் ஊரருகிலேயே நியாயம் பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். இந்நிலையில் 1947இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையேயான தகராறுகளுக்குச் சமரச அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம், தொழில் நடுவர் மன்றம் என்ற படிகளை அச்சட்டம் வகுத்தது. கூட்டுறவு சங்கத்தில் முதலாளி உண்டா என்ற வினாவை அப்பொழுது எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் பொதுப் பட்டியல் விஷயத்தில் முரண்பட்டால் என்ன செய்வது? அரசியல் சட்டத்தின் 254ஆவது ஷரத்து விடை தருகிறது. மத்தியச் சட்டமே மேலோங்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவிற்குச் செல்லாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் ஜனாதிபதியின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டு அவருடைய சம்மதத்தைப் பெற்றிருந்தால், அந்த மாநிலத்திற்குள் மாநிலச் சட்டமே செல்லும். அந்த விலக்கிற்கும் ஒரு விலக்கு: பாராளுமன்றம் பின்னர் வேறு சட்டம் செய்து அதனை மாற்றிவிடலாம். மூன்று வாக்கியங்களில் அடங்கும் இந்த ஷரத்துதான் நம் சிப்பந்திகளில் பலருடைய ஆயுளில் பாதியை நிர்ணயித்திருக்கிறது.

இத்துறையில் முதன்மையாகச் சொல்லத்தக்க தீர்ப்பு உச்ச நீதிமன்றம் 1969இல் அளித்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 25 கூட்டுறவு மத்திய வங்கிகளின் சிப்பந்திகள் சம்பள விகிதம், பஞ்சப்படி முதலியவற்றைக் குறித்துக் கோரிக்கை எழுப்பினர். மாநில சர்க்கார் அதனை ஐதராபாத் தொழில் நடுவர் மன்றத்திற்கு அனுப்பியது. வங்கிகளோ, 1964ஆம் ஆண்டின் ஆந்திரக் கூட்டுறவுச் சட்டத்தில் 61ஆவது பிரிவு இருக்கிறது, சங்கத்தின் நிர்வாகத்தையும் அலுவலையும் தொட்ட தகராறுகள் பதிவாளருக்கே உரியவை, நடுவர் மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று வாதித்தன.

உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. அதற்குச் சொன்ன காரணம் நம்மவர்கள் கூர்ந்து நோக்கத் தக்கது. பதிவாளர் செய்வது என்ன? இருக்கும் சட்டத்தையும் விதிகளையும் துணைவிதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, அவற்றின்படி யாருக்கு என்ன உரிமை என்று சொல்வது. துணைவிதியில் பஞ்சப்படி இவ்வளவு என்று எழுதியிருந்தால், அது போதாது என்று கண்டாலும் அதைக் கூட்டிக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. தொழில் நடுவர் மன்றத்தின் அதிகாரம் வேறு வகையானது. விலைவாசியையும் ஸ்தாபனத்தின் சக்தியையும் பார்த்து, இதுவரை இல்லாத நிபந்தனையைப் புதிதாக ஏற்படுத்த அதனால் முடியும். துணைவிதிகள் சட்டசபை செய்த சட்டம் போன்றவை அல்ல. கம்பெனிகளின் உள்விதிகளைப் போன்றவையே. ஆகவே அவற்றிற்கு மாறாகவும் நடுவர் மன்றம் தீர்ப்பளிக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. சம்பளம், லீவு முதலிய வேலை நிபந்தனைகளைப் பற்றிய தகராறு சங்கத்தின் 'அலுவலைத்' தொட்ட தகராறு ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி.

இதை நம் கைத்தறிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நூல் கொடுத்ததிலோ, கொணர்ந்த சேலைக்கு மட்டக்குறைவு என்று கூலியைப் பிடித்ததிலோ ஓர் அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் வழக்கு ஏற்பட்டால் அது சங்கத்தின் அலுவல். பதிவாளர் வழியே தீரவேண்டியது. அதே சங்கத்தில் அந்தச் சேலையை மடித்து வைத்துக் கணக்கெழுதுபவர் தமது சம்பளத்தை உயர்த்தக் கோரினால் அது தொழில் தகராறு. அறை ஒன்று, புத்தகம் ஒன்று, வாசல் இரண்டு.

தமிழ்நாட்டில் நிலைமை ஒரு வகையில் இன்னும் தெளிவானது. அந்தத் தெளிவை நாங்கள் 1990இல் படித்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90ஆவது பிரிவு, பதிவாளர் தீர்க்கும் தகராறுகளைக் கூறும்போதே, சம்பளம் பெறும் சிப்பந்திமீது சங்கமோ நிர்வாகக் குழுவோ எடுத்த ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகராறு நீங்கலாக என்று அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறது. முந்தைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வாறே இருந்தது. சட்டத்தில் அடைப்புக்குறிக்குள் வருவதைக் கண் தாண்டிப் போவது மனித சுபாவம். நாங்களும் தாண்டினோம், எங்களைவிடப் படித்தவர்களும் தாண்டியிருக்கிறார்கள்.

எல்லா மாநிலங்களும் நம்மைப்போல் ஒதுங்கி நிற்கவில்லை. மத்தியப் பிரதேசக் கூட்டுறவுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் குறித்து சங்கத்திற்கும் சிப்பந்திக்கும் எழும் தகராறுகளைப் பதிவாளரே தீர்க்க வேண்டும் என்று கூறிற்று. 1997இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ்த் தொழிலாளர் நீதிமன்றத்திற்கு வழக்கை அனுப்பியது செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஆக, ஜபல்பூர்ச் சங்கத்தில் நீக்கப்பட்டவருக்கு ஒரு வாசல். ஈரோட்டுச் சங்கத்தில் நீக்கப்பட்டவருக்கு வேறு வாசல்.

கர்நாடகத்தின் கதை இவற்றினும் சுவையானது. பிஜப்பூர்க் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கங்களின் ஒன்றியம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் அளித்த தீர்ப்பை, பால் சங்கத்து அங்கத்தினர்கள் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். அந்த மாநிலத்தின் கூட்டுறவுச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. சங்கத்திற்கும் சிப்பந்திக்கும் இடையேயான வேலை பற்றிய தகராறுகளும் பதிவாளருக்கு உரியவை என்றாயிற்று. அன்றிலிருந்து தொழிலாளர் நீதிமன்றத்தின் வாசல் மூடிவிட்டதென்று சங்கங்கள் கூறின. மூடவில்லை என்றது உச்ச நீதிமன்றம். சிவில் கோர்ட்டை விலக்கும் சொற்கள் அத்திருத்தத்தில் இருந்தன. தொழிலாளர் நீதிமன்றத்தை விலக்கும் சொற்கள் இல்லை. ஆகவே அதுகாறும் இரண்டு வாசல்களும் திறந்தே இருந்தன; சிப்பந்தி விரும்பிய வாசலில் நுழையலாம். பிறகு 2000ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டத்தால், தொழில் தகராறுச் சட்டத்தில் மாறாக என்ன கூறியிருப்பினும் என்ற சொற்கள் புகுத்தப்பட்டன. அத்திருத்தம் 18-3-2000 அன்று ஜனாதிபதியின் சம்மதம் பெற்று, 20-6-2000 முதல் அமுலுக்கு வந்தது. அந்தத் தேதியில்தான் வாசல் மூடிற்று என்பது தீர்ப்பு.

இருபத்துநான்கு ஆண்டுகள்! இக்காலம் முழுவதும் கர்நாடகத்துச் சங்கங்களில் நீக்கப்பட்டவர்கள் எந்த வாசல் சரி என்று அறியாமல் அலைந்திருப்பார்கள். சங்கங்களும் அவரவருக்குச் சாதகமான வாசலைக் காட்டி வாதித்திருக்கும். ஒரு சட்டத்தை எழுதுவோர் விட்டுவிட்ட சில சொற்களுக்கு எவ்வளவு விலை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜனாதிபதியின் சம்மதம் என்பதும் முத்திரை குத்தும் சடங்கன்று. தேசிய ஜவுளிக் கழகத்துடன் பம்பாயில் நேர்ந்த ஒரு கட்டட வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் பெஞ்சு இதனை விளக்கியது. எந்த மத்தியச் சட்டத்துடன் முரண்பாடு என்பதை மாநில சர்க்கார் எடுத்துக்காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும்; எதைச் சுட்டிச் சம்மதம் கேட்கப்பட்டதோ அதற்கே அச்சம்மதத்தின் பாதுகாப்பு உண்டு. அது குடிக்கூலி பற்றிய வழக்கே ஆயினும், சொன்ன தத்துவம் தொழிலாளர் சட்டத்திற்கும் பொருந்துவது.

மாநிலச் சட்டமென்றால் தொழிலாளிக்குப் பாதகம், மத்தியச் சட்டமென்றால் சாதகம் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். வேலை நீக்கப்பட்ட தனித் தொழிலாளி, சமரசம் முறிந்தபின்பும், சர்க்கார் தன் வழக்கை அனுப்பிவைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிருந்தது பழைய மத்தியச் சட்டம். சர்க்கார் அனுப்ப மறுத்தால் அதற்கொரு ரிட் மனு. 1988இல் தமிழ்நாடு அச்சட்டத்தின் 2ஏ பிரிவைத் தன் எல்லைக்குத் திருத்தி, சமரசம் முறிந்தால் தொழிலாளியே நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2010இல், மத்திய சர்க்காரும் நேரடியாக அணுகும் உரிமையை இந்தியா முழுமைக்கும் ஏற்படுத்தியது. எங்கள் கிடங்குச் சிப்பந்தி தொழிலாளர் நீதிமன்றத்தை அடைந்தது தமிழ்நாட்டுத் திருத்தத்தின் வழியாகத்தான். பாதை போட்ட பெருமை நம் சட்டசபைக்கு உண்டு என்று சொல்வதில் தவறில்லை, அந்தப் பாதை எங்களுக்கு எதிராகவே பயன்பட்டது என்றாலும்.

மூன்றாவது வாசலும் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் மாநிலச் சட்டம். அதன் 41ஆவது பிரிவின்படி, ஆறு மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றியும் ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்க முடியாது. நீக்கப்பட்டவர் அப்பீல் செய்யலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது இல்லை. காரியதரிசிகள் நிலை எப்பொழுதுமே சிக்கலானது. மேற்பார்வை, நிர்வாகம் என்ற சொற்களால் அவர்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்கு வெளியே தள்ளப்படுவார்கள். என்னை நீக்கியிருந்தால் நான் கிடங்குச் சிப்பந்தியின் வழியில் போயிருக்க முடியாது.

கூட்டுறவு சங்கம் லாப நோக்கற்றது, ஆகவே அது 'தொழில்' ஆகாது என்று வாதிக்கும் பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் பெஞ்சு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டுறவு என்ற பெயரே விலக்குச் சீட்டு ஆகாது. ஏறக்குறைய அங்கத்தினர்களே கூடிச் செய்துகொள்ளும் சிறு அமைப்பாக இருந்தால்தான் விலக்கைப் பற்றிப் பேசலாம் என்பது அதன் கருத்து.

இப்பொழுது புதிதாக நேர்ந்திருப்பது வேறு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. பாராளுமன்றம் 2020இல் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் தேதி அமுலுக்கு வந்தது. தொழிற்சங்கச் சட்டம், நிலையாணைச் சட்டம், தொழில் தகராறுச் சட்டம் மூன்றும் அதில் அடங்கின. தொழிலாளர் நீதிமன்றம் என்ற தனி மன்றம் புதிய சட்டத்தில் இல்லை. நீதித் துறையினர் ஒருவரும் நிர்வாகத் துறையினர் ஒருவரும் அமரும் தொழில் நடுவர் மன்றம் வகுக்கப்பட்டிருக்கிறது. நீக்கப்பட்டவர் சமரச அதிகாரியிடம் மனுச் செய்து 45 நாள் கழிந்தால் நேராக நடுவர் மன்றம் செல்லும் உரிமை தொடர்கிறது. ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டு என்றிருந்த கெடு இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. மேற்பார்வை வேலை பார்ப்பவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் 'தொழிலாளி' அல்லர் என்றிருந்தது, 18,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

கூட்டுறவு விஷயத்தில் இதனால் எழும் வினா சிறிதன்று. கர்நாடகம் 2000இல் ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி. அச்சட்டமே நீங்கி, பாராளுமன்றத்தின் பிந்திய சட்டம் அவ்விடத்தில் அமர்ந்தபின், பழைய சம்மதத்தின் நிழல் இன்னும் அந்த மாநிலத்துப் பதிவாளருக்கு உண்டா? உண்டென்பவர், பழைய சட்டத்தைக் குறிக்கும் சொற்கள் அதன் இடத்தில் வந்த சட்டத்தையே குறிக்கும் என்பார்கள். இல்லையென்பவர், 254ஆவது ஷரத்தின் கடைசி விலக்கைக் காட்டிப் பாராளுமன்றத்தின் பிந்திய சொல்லே செல்லும் என்பார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாவது வாதம் வலுவுள்ளது; ஆயினும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீதிபதிகள்.

கூட்டுறவை மத்திய சர்க்கார் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்ற இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே குறிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சங்கங்களின் நிர்வாகத்தைப் பற்றித் தனிப் பகுதியையே சேர்த்தது. பாதி மாநிலங்களின் சட்டசபைகள் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்பதால், ஒரு மாநிலத்திற்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாதென்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் மாநிலத்தின் விஷயமே என்ற நிலை அதனால் உறுதிப்பட்டது. தொழில் தகராறு பொதுப் பட்டியலில் இருப்பது மட்டும் மாறவில்லை. ஆகவே இரண்டு வாசல்களும் நம்மை விட்டுப் போகப்போவதில்லை.

நிர்வாகக் குழுவில் இருக்கும் அன்பர்களுக்கு அனுபவத்தால் இரண்டொரு வார்த்தை. வழக்கு எந்த மன்றத்துக்கு உரியது என்ற ஆட்சேபத்தை, நியாயம் இல்லாதபோது ஒளிந்துகொள்ளும் திரையாக வைத்துக்கொள்ள வேண்டாம். காலம் நீள நீள விடுபட்ட சம்பளம் வளர்கிறது. மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றால், வழக்கு நடக்கும் நாளெல்லாம் கடைசியாகப் பெற்ற சம்பளத்தை மாதந்தோறும் கொடுத்துவர வேண்டிய நிலை ஏற்படும். எங்கள் சங்கத்தில் அது பல ஆண்டுகள் நடந்தது. அவர் கிடங்குக்கு வரவில்லை, சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, இருப்புப் புத்தகத்தை அவருக்குக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவுசெய்து, நேர்மையாக ஒரு விசாரணையை முதலிலேயே நடத்தியிருந்தால் எந்த வாசலில் கேட்டாலும் எங்களுக்கு விடை இருந்திருக்கும்.

சிப்பந்திகளுக்கும் ஒன்று: நீக்கல் உத்தரவு கையில் கிடைத்த தேதியை எழுதி வையுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் மனு கிடக்கும் காலம் இரண்டாண்டுக் கெடுவிலிருந்து தானே கழிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையாயின் தமிழ்நாட்டில் அந்த வாசலுக்கே போக வேண்டியதில்லை.

எங்கள் கிடங்குக் கணக்கில் குறைந்த நூல் கட்டுகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சமாதானத்திற்குப் பின் பழைய ரசீதுகளை ஒழுங்குசெய்தபோது, அவற்றில் பெரும்பகுதி சாயப் பட்டறைக்கு அனுப்பப்பட்டு வரவு வைக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது.